கையொப்பமிடுமுன் கொஞ்சம் நில்லுங்கள்

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், புல்மோட்டைச் சகோதரி ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகளின் கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு கட்டுக் காகிதம்.

"மௌலவி, மருமகன் ஒரு கம்பனிட பேர்ல கடை போடப் போறார். வீட்டு உறுதிய ஈடு வைக்கோணுமாம். மகள்ட கையெழுத்துக் கேக்கிறாங்க. போடலாமா?" என்றார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். தாய்க்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. மருமகனும் முழுதாக வாசிக்கவில்லையாம்.

கிழக்கு மாகாணத்து முஸ்லிம்களிடையே வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரிலேயே இருக்கிறது. எனவே இது மருமகனின் வியாபார விஷயம் மாத்திரமல்ல. அந்த மகளின் தலைக்கு மேலுள்ள கூரையின் விஷயமுமாகும். மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது என்பது நம் மார்க்கச் சட்டம். அவள் மனமுவந்து கொடுக்கலாம். ஆனால் விளங்காமல் இடும் கையொப்பத்தை மனமுவந்தது என்று எப்படிச் சொல்வது?

இந்த வியாபார முறையை 'பிரான்சைஸ்' என்கிறார்கள். பெயரும் பலகையும் கம்பனியுடையவை. முதலும் உழைப்பும் கடைக்காரருடையவை. பெயரைப் பாவிக்க ஆரம்பத்தில் ஒரு தொகை கட்ட வேண்டும். பின்னர் பெரும்பாலும் மாதந்தோறும் விற்பனையில் ஒரு பங்கு போகும். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அது போகும். பல ஒப்பந்தங்களில் சரக்கையும் கம்பனி சொல்லும் இடத்திலேயே வாங்க வேண்டும்.

கடலோரத்தில் வாழும் நமக்கு இது விளங்காத காரியமல்ல. முதலாளியிடம் முற்பணம் வாங்கிய தோணிக்காரர், அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுப்பதை நாம் பார்த்ததில்லையா? இங்கே முற்பணம் கொடுப்பவரே கட்டுப்பட்டும் நிற்கிறார், அதுதான் வித்தியாசம்.

இம்முறையால் முன்னேறியவர்களும் உண்டு. குறை முறையிலல்ல, ஒருபக்கமாக எழுதப்படும் ஒப்பந்தத்தில்தான். சூரதுல் பகராவின் 282ஆம் வசனம் கடனை எழுதி வைப்பது பற்றிப் பேசுகிறது. வாசகத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவரல்ல, சுமையை ஏற்றவர். அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். இன்றைய ஒப்பந்தங்களில் சுமப்பவருக்கு ஒரு சொல்லைத் தானும் மாற்ற முடிவதில்லை.

நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சில நிபந்தனைகளைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவே. மலேசியாவிலோ 1998இலேயே தனிச் சட்டம் இயற்றினார்கள். கையொப்பத்துக்கு 10 நாட்களுக்கு முன்பே ஒப்பந்தத்தையும் கம்பனியின் விபரங்களையும் கொடுத்துவிட வேண்டும் என்கிறது அது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைக்காரர்கள் சங்கமாகச் சேர்வதைக் கம்பனி தடுக்க முடியாது. சேர்ந்ததற்காகத் தண்டிக்கவும் முடியாது.

ஜப்பானில் நடந்ததையும் கேளுங்கள். செவன் இலெவன் கம்பனி, காலாவதியாகப் போகும் உணவைக் கடைக்காரர்கள் விலை குறைத்து விற்கவிடாமல் தடுத்து வந்தது. உணவு குப்பைக்குப் போக, நட்டம் கடைக்காரர் தலையில் விழுந்தது. 2009இல் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணைக்குழு, அப்படித் தடுக்கக் கூடாதென்று கம்பனிக்கு உத்தரவிட்டது.

தனியாளின் குரல் எடுபடாது என்பதை மக்கா நகரமும் கண்டது. எமன் நாட்டு வியாபாரி ஒருவரின் சரக்கை வாங்கிய குறைஷித் தலைவர் ஒருவர் விலையைக் கொடுக்கவில்லை. வியாபாரி அபூ குபைஸ் மலையில் ஏறி நின்று முறையிட்டார். அதன் பின்பே சில கோத்திரத்தார் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணை நிற்போம் என்று உடன்படிக்கை செய்தனர். அதுவே ஹில்புல் புழூல். நுபுவ்வத்துக்கு முன் அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், பிற்காலத்திலும் அதைச் சிறப்பித்தே பேசினார்கள்.

எனவே சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் இப்படியொரு காகிதம் வந்தால் இவற்றைக் கேளுங்கள். முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டியது யார்? ஒப்பந்தத்தை யார், எந்தக் காரணத்துக்காக முறிக்கலாம்? முறிந்தால் கட்டிய பணம் திரும்புமா? பக்கத்துத் தெருவில் இன்னொருவருக்கும் அதே பெயரில் கடை கொடுப்பார்களா? கடை மூடினால் வீட்டுக்கு என்ன ஆகும்? சட்டத்தரணியிடம் காட்டுங்கள், வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அதே கம்பனியின் கடைகளை ஏற்கெனவே நடத்துபவர்களிடம் விசாரியுங்கள். கடை திறந்த பின்பும் அவர்களோடு தொடர்பை விடாதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து எழுதும் கடிதத்துக்குக் கிடைக்கும் பதில், ஒருவர் எழுதும் கடிதத்துக்குக் கிடைப்பதில்லை. கரைவலையை ஒருவர் தனியாக இழுத்ததை நாம் கண்டதுண்டா?

அந்த மகள் அன்று கையொப்பமிடவில்லை. "முதல்ல வாசிப்பம்" என்று கணவரிடம் சொன்னாராம். அவருக்குக் கோபம் வந்ததாம். ஆனாலும் மறுநாள், அதே கம்பனியின் பெயரில் கடை நடத்தும் இருவரைத் தேடிப் போயிருக்கிறார். அல்லாஹ் அவர்களுக்கு நல்லதையே நாடுவானாக.