தொழிலாளி பக்கம்: பன்னிரண்டு கிழமை ஏன்?



"மனுசி ஒருக்கா இரத்தம் குடுத்தாச்சு அண்ணை. 12 கிழமையால திரும்பவும் வரட்டாம். லீவு எடுத்தால் சம்பளத்தில வெட்டுவாங்கள். பேசாமல் விடுவமோ?" என்னோடு ஒரே மெசினில் நிற்கும் தம்பி கேட்டான். அவன் மனைவிக்கு மூன்று தரம் கரு கலைந்துவிட்டது. "ராசியில்லாதவள்" என்று சொந்தத்திலேயே கதைக்கிறார்கள்.

நான் படிப்பை இடையில் விட்டவன். வைத்தியரிடமும் தாதியிடமும் கேட்டறிந்ததை எழுதுகிறேன்.

நோய்க்கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குவது பிறபொருளெதிரி. சிலருக்கு அது வழிமாறிச் சொந்த உடம்பையே தாக்கும். இரத்தம் தேவையில்லாமல் உறைந்து கட்டியாகும். காலில் கட்டினால் வீக்கம், மூளையில் கட்டினால் பாரிசவாதம். கர்ப்பத்தில் நச்சுக்கொடி பழுதாகிப் பிள்ளை தங்காது. 1983இல் லண்டனில் கிரகம் ஹியூஸ் என்ற வைத்தியர் இதை விளக்கியதால் ஹியூஸ் நோய் என்றும் சொல்வார்கள். வைத்தியசாலைக் கடிதத்தில் அன்ரிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம் என்று இருக்கும்.

இதற்கு மூன்று பரிசோதனைகள். கார்டியோலிப்பின், பீற்றா-2 கிளைக்கோபுரதம் என்ற இரண்டுக்கும் எதிரான பிறபொருளெதிரிகள் எவ்வளவு என்று அளப்பார்கள். மூன்றாவது, லூப்பஸ் அன்ரிகோகுலன்ற். பேரைப் பார்த்து லூப்பஸ் நோய் என்று பயப்பட வேண்டாம். இதில் நேரம் பார்ப்பார்கள். அதற்குப் பாவிப்பவற்றில் ஒன்று கண்ணாடி விரியனின் நஞ்சு. எங்கட ஊர்ப் புடையன்தான்! ஐதாக்கிய நஞ்சை இரத்தத் தெளிவில் விட்டால் எத்தனை செக்கனில் உறைகிறது என்பதுதான் கணக்கு. பிறபொருளெதிரி இருந்தால் குழாயில் உறையப் பிந்தும். உடம்புக்குள்ளேயோ அதே சாமான் இரத்தத்தைக் கட்டியாக்கும்.

பிறகேன் இரண்டாந்தரம்? வேறு தொற்றுநோய் வந்தாலும் இந்தப் பிறபொருளெதிரி கொஞ்சக் காலம் தலைகாட்டி மறையும். குறைந்தது 12 கிழமை கழித்தும் இருந்தால்தான் நோயென்று உறுதிப்படுத்துவார்கள். ஆகவே ஒருநாள் சம்பளத்தைப் பார்க்காதேங்கோ.

வோபரின், ஹெபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் இரத்தம் குடுக்க முதலே சொல்லுங்கோ. முடிவு மாறக்கூடும். நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

இன்னுமொன்று. மேகநோய்க்கான சில பரிசோதனைகளிலும் கார்டியோலிப்பின் பாவிக்கிறார்கள். அதனால் மேகநோய் இல்லாதவருக்கும் இருப்பதாக முடிவு வரலாம். கணவன் மனைவியையோ, மனைவி கணவனையோ சந்தேகப்பட முதல், உறுதிப்படுத்தும் மற்றப் பரிசோதனையைக் கேளுங்கோ. இப்படியான விசயத்துக்குப் பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாமல் வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ.

நோய் உறுதியானால் வழி இருக்கிறது. கர்ப்ப காலத்தில் குறைந்த அளவு அஸ்பிரினும் ஹெபரின் ஊசியும் குடுத்துக் கவனமாகப் பார்ப்பார்கள். அப்படிப் பிள்ளை பெற்றவர்கள் பலர். எல்லாக் கருச்சிதைவுக்கும் இதுதான் காரணமென்றில்லை. ஆனால் திரும்பத் திரும்பக் கரு கலைந்த வீட்டில் சாத்திரம் பார்க்க முதல் இந்தப் பரிசோதனையைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கோ. இரத்தத்தில் இருக்கிற குறைக்கு ஒரு பெண்ணின் ராசியைக் குறை சொல்லாதேங்கோ.

அடுத்த இதழில் சந்திப்போம்.