கோடைப் பயணமும் ஒரு குவளைத் தண்ணீரும்



கோடை விடுமுறை பிறந்ததும் நம் இல்லங்களில் பயணப் பேச்சும் பிறந்துவிடும். ஒரே நாளில் எத்தனை இடங்களைப் பார்த்து முடிக்கலாம் என்று தாளும் பேனாவுமாக அமர்ந்து கணக்கிடும் தந்தையர் பலரை நாம் அறிவோம். சென்ற ஆண்டு மே மாதம் நாமும் அவ்வாறே அமர்ந்து கணக்கிட்டோம். அக்கணக்கில் நேர்ந்த பிழையையே இம்மாதம் உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

நமது பங்கிலிருந்து முதியோரும் சிறுவருமாக முப்பத்திரண்டு பேர் பேருந்தில் புறப்பட்டோம். விடியுமுன் புறப்பாடு, காலையில் ஓரியூர், நண்பகலுக்குள் பாம்பன், அடுத்துத் தனுஷ்கோடி, மாலையில் இராமேசுவரம், இரவே வீடு. ஒவ்வோர் இடத்திற்கும் இத்தனை நிமிடம் என்று நாமே அட்டவணை வகுத்திருந்தோம்.

புனித அருளானந்தர் 1693-ஆம் ஆண்டு இரத்தம் சிந்திய ஓரியூர்ச் செம்மண்ணில் திருப்பலி நிறைவேற்றினோம். அங்கே அரைமணி நேரம் தாமதமாயிற்று. அதை ஈடு செய்யவேண்டும் என்று பேருந்தில் இருமுறை உரக்கச் சொன்னோம். பாம்பனில், 1914-ஆம் ஆண்டின் பழைய இரயில் பாலத்திற்கு மாற்றாக 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தைச் சாலைப் பாலத்தில் சென்றபடியே பார்த்தோம். இறங்கவில்லை. தனுஷ்கோடியை அடைந்தபோது பிற்பகல் ஒரு மணி. கத்திரி வெயில் தலைக்கு நேரே நின்றது.

தனுஷ்கோடியின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். ஒரு காலத்தில் இரயிலில் வந்து இறங்குவோர் இங்கிருந்தே தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினர். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் எழுந்த புயலும் கடலும் ஊரையே விழுங்கின. பயணிகள் நிறைந்த இரயில் ஒன்றும் அலைகளுக்கு இரையாயிற்று. கோவிலின் சுவர்களும் இரயில் நிலையத்தின் எச்சங்களும் இன்றும் மணலில் நிற்கின்றன. 2017-இல் சாலை திறக்கப்பட்டபின் நிலத்தின் முனைவரை வண்டிகள் செல்கின்றன.

நம்முடன் வந்தோருள் எழுபத்தாறு வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். சிறுவனாக இருந்தபோது தந்தையாருடன் இங்கு வந்து, இலங்கைக்குச் சென்ற தாய்மாமனைக் கப்பலேற்றி வழியனுப்பியவர். அந்த நிலையத்தை மீண்டும் ஒருமுறை காணவேண்டும் என்பதற்காகவே பயணத்தில் சேர்ந்தார். இடிந்த கோவிலைப் பார்த்துவிட்டு நிலையத்தை நோக்கித் திரும்புகையில் அவருடைய கால்கள் துவண்டன. முகம் வெளிறி மணலில் சரிந்தார்.

கடற்காற்று வீசுகிறதே, வெயில் என்ன செய்துவிடும் என்று நாம் எண்ணியிருந்தோம். ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. உடலின் நீர் மட்டும் வெளியேறிக்கொண்டிருக்கும். இதை நமக்கு விளக்கியவர் உடன்வந்த செவிலியச் சகோதரி ஒருவர். அவருடைய சொற்படி, சங்கும் சிப்பியும் விற்கும் ஓர் அம்மையாரின் ஓலைக் குடிசைக்குப் பெரியவரைத் தூக்கிச் சென்றோம். சட்டையைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறினர். அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. ஆனால் பேருந்திலிருந்த குடிநீர் முன்பே தீர்ந்துவிட்டது.

அம்மையார் இளைஞன் ஒருவனைக் குடிசையின் பின்புறம் அழைத்துச் சென்றார். நாமும் பின்தொடர்ந்தோம். கடலிலிருந்து கூப்பிடு தொலைவில், மணலில் தோண்டிய சிறு குழி. அதில் தெளிந்த நன்னீர்! இளைஞன் அவசரத்தில் வாளியை உள்ளே அழுத்தினான். “மெதுவா மொள்ளுங்க தம்பி. கலக்குனா உப்பு ஏறிடும். ஊறி வர்றதைத்தான் எடுக்கணும்” என்றார் அம்மையார். மழைநீர் மணலில் இறங்கி, கனத்த உப்புநீரின்மேல் மெல்லிய படலமாகத் தங்கி நிற்கிறது. சிரட்டையால் பொறுமையாக மொள்பவருக்கு அது இனிக்கும், அவசரப்படுவோருக்குக் கரிக்கும்.

அந்நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து சிறிது சிறிதாகப் புகட்டினோம். அரைமணி கழித்துப் பெரியவர் நம் கையைப் பற்றிக்கொண்டார்.

“மன்னிச்சுக்கிடுங்க சாமி. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்கல.”

“ஏன் பெரியவரே?”

“குடிச்சா வண்டியை நிறுத்தச் சொல்லணும். ஏற்கெனவே நேரமாச்சுன்னு நீங்க சொன்னீங்களே.”

அருகில் நின்ற மூதாட்டிகள் இருவர் தலைகுனிந்து, “நாங்களும் அப்படித்தான் சாமி” என்றனர்.

அன்பர்களே, அச்சொல் நம்மைச் சுட்டதுபோல் அன்றைய வெயில் சுடவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டியவர் யார், கேட்டவர் யார்! உடன் வருமாறு அழைத்த ஏசாவிடம், பிள்ளைகள் இளையவர்கள், ஆடுமாடுகள் கன்றோடு இருப்பவை, ஒருநாள் விரைந்து ஓட்டினாலும் மடிந்துவிடும் என்று சொல்லி, அவற்றின் நடைக்கு ஏற்ப மெல்ல வந்தார் யாக்கோபு. தொடக்க நூலின் அப்பகுதிக்குப் பலமுறை விளக்கம் கூறிய நாம், நமது மந்தையின் நடையை ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவரை இராமேசுவரத்தில் மருத்துவரிடம் காட்டினோம். உடலில் நீர் வற்றியதே காரணம் என்று கூறி, சலைன் ஏற்றி, மாலையில் அனுப்பிவைத்தார். அட்டவணையைக் கிழித்தெறிந்துவிட்டு வீடு திரும்பினோம்.

ஆகவே கோடையில் பயணம் செல்லும் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரும் கேட்காமலே மணிக்கொரு முறை வண்டியை நிறுத்துங்கள். முதியோரும் பெண்களும் கூச்சத்தால் கேட்கமாட்டார்கள். பதினொரு மணி முதல் மூன்று மணி வரை நிழலில் தங்குங்கள். ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும், சோர்ந்தவருக்கு அதுவே மருந்து. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடல் கொதித்துப் பேச்சுக் குழறினால், உடலைக் குளிர்வித்தபடியே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இவ்வாண்டு சனவரியில் அப்பெரியவரையும் அவர் பேரனையும் அழைத்துக்கொண்டு மீண்டும் தனுஷ்கோடிக்குச் சென்றோம். அன்று முழுவதும் அந்த ஓர் இடம் மட்டுமே. நிலையத்தின் இடிபாட்டருகே ஒரு மணிநேரம் அமர்ந்து, மாமன் நின்ற இடம் எது, தம் தந்தையார் கண்ணீர் துடைத்த இடம் எது என்று பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நாம் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் அந்த அம்மையாரின் குடிசைக்குச் சென்றோம். நம்மை அடையாளம் கண்டுகொண்டவர், வணக்கம் சொல்வதற்கு முன்பே கேட்டார்: “தண்ணி குடிச்சீங்களா, பெரியவரே?”