கூடமும் கோணலாகலாம்

‘ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாகப் பழகிவரும் பழமொழி. தன் குறையை மறைக்கும்பொருட்டுக் களத்தின் மீதும் கருவியின் மீதும் பழிபோடுவாரை இடித்துரைப்பதற்கு இதனிலும் கூரிய சொல் வேறில்லை. ஆயினும் இப்பழமொழியைக் கேட்குந்தோறும் என் மனத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. கூடத்தை யாராவது அளந்து பார்த்தார்களா? ஆடியவளின் தடுமாற்றத்தை ஊர் முழுவதும் கண்டது; கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்ததா என்பதைப் பழமொழி சொல்லவில்லை; நாமும் கேட்பதில்லை.

இந்த ஐயத்தை அண்மையில் மீண்டும் எழுப்பியது ஒரு சலவை இயந்திரம். யாழ்ப்பாணத்தில் எங்கள் அயலில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்தவர். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணத்தில், முன்பக்கம் திறக்கும் புதுவகை இயந்திரமொன்றை வாங்கினார். ஓராண்டு நிறையுமுன்னரே தோய்த்த உடுப்புகளில் ஈரச்சாக்கின் நாற்றம் வீசத் தொடங்கியது. திருத்த வந்த இளைஞர் கதவைத் திறந்து, அதைச் சுற்றியிருந்த இறப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விரித்து, உள்ளே கறுப்பாகப் படர்ந்திருந்த பூஞ்சணத்தைக் காட்டினார்.

“ரீச்சர், மெசினிலை ஒரு பிழையுமில்லை. நீங்கள் பாவிச்ச விதந்தான் பிழை” என்றார்.

கதவை மூடி வைத்தது பிழை. சவர்க்காரத் தூளை அளவுக்கு மீறிப் போட்டது பிழை. மாதமொருமுறை வெறும் உருளையைச் சுடுநீரில் ஓடவிடாதது பிழை. எத்தனையோ பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திய அந்த அம்மையார், விடை தெரியாத பிள்ளையைப்போல நின்று கேட்டார்.

“எனக்கு ஒருத்தரும் இதைச் சொல்லேல்லையே, தம்பி.”

“புத்தகத்திலை இருக்கு, ரீச்சர்.”

அந்தப் புத்தகத்தை நான் புரட்டிப் பார்த்தேன். பல மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை.

அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. அவர் கூறிய ஒவ்வொன்றும் உண்மை. ஆயினும் அவ்வுண்மைகளையெல்லாம் கூட்டி அவர் கண்ட விடை பிழையானது என்பதே என் கருத்து.

பாவிப்போரிடம் குறையே இல்லையென்று வாதிடுவது என் நோக்கமன்று. தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில் உருளை அசையாதிருக்கும்பொருட்டு இயந்திரத்தின் பின்புறத்திற் பூட்டப்படும் திருகாணிகளைக் கழற்ற மறந்துவிட்டு, ‘இயந்திரம் துள்ளுகிறது’ என்று முறையிடுவோர் உளர். சட்டைப்பையிற் கிடந்த நாணயத்தையும் ஊசியையும் உடுப்போடு உள்ளே போட்டுவிட்டு, நீர் வெளியேறவில்லையென்று கோபிப்போரும் உளர். குடாநாட்டுச் சுண்ணக்கற் பாறையில் ஊறும் நம் கிணற்று நீர் வன்னீர்; அதில் நுரை எளிதில் எழாது. நுரை காணவில்லையென்று மேலும் ஒரு பிடி தூளை அள்ளிப் போடுவது கிணற்றடியில், உடுப்புத் தோய்க்கும் கல்லிற் கற்ற பாடம். மூடிய உருளைக்குள் அப்பாடம் உதவாது. இவையெல்லாம் மறுக்க முடியாதவை.

அப்படியாயின், எல்லைக்கோட்டை எங்கே இடுவது? ஆசிரியர்களுக்கு இது புதிய கணக்கன்று. வகுப்பில் ஒரு மாணவன் ஒரு வினாவுக்குப் பிழையாக விடை எழுதினால் அவனை அழைத்துத் திருத்துகிறோம். நாற்பது பேரில் முப்பது பேர் அதே பிழையை எழுதினால், நல்லாசிரியர் ஒருவர் வினாத்தாளை மறுபடியும் வாசித்துப் பார்ப்பார். தாம் கற்பித்த முறையையும் எண்ணிப் பார்ப்பார். ஒருவர் செய்யும் பிழை அவருடையது. ஒருவரையொருவர் அறியாத ஆயிரம் பேர் அதே பிழையைச் செய்வராயின், அதன் காரணத்தைக் கருவியிலேயே தேடவேண்டும்.

இவ்வுண்மையை உலகம் விலைகொடுத்தே கற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, நலமே தரையிறங்கிய பின்னர் ஓடுபாதையிலேயே வயிறு உராய விழுந்தன. விமானிகள் சிறகின் மடல்களை உள்ளிழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டனர். ‘விமானியின் பிழை’ என்று சொல்லி அதனுடன் விட்டுவிடுவது எளிது. 1943ஆம் ஆண்டில் அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலாளர் விமானியறையைச் சென்று பார்த்தார். மடலுக்குரிய ஆளியும் சக்கரத்துக்குரிய ஆளியும் ஒரே வடிவில், அருகருகே இருந்தன. இவை இவ்வாறு அமையாத வேறு விமானங்களில் அப்பிழை நேரவில்லை. சக்கரத்தின் பிடியிற் சிறியதோர் இறப்பர்ச் சக்கரத்தையும், மடலின் பிடியில் ஆப்பு வடிவான துண்டொன்றையும் பொருத்துவது அவர் கண்ட பரிகாரம். களைத்த கையும் தொட்டவுடன் வேறுபாட்டை அறிந்துகொண்டது. அவ்வகை விபத்து நீங்கியது. ‘விமானியின் பிழை’ எனப்பட்ட 460 நிகழ்வுகளை ஆராய்ந்து போல் பிற்ஸ், றிச்சட் ஜோன்ஸ் என்னும் இருவர் 1947இல் எழுதிய அறிக்கையும், கருவிகளை மனிதரின் இயல்புக்கேற்ப அமைத்தால் இத்தகைய விபத்துகளிற் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்றே முடிந்தது. மனிதனைத் திருத்துவதிலும் பிடியைத் திருத்துவது எளிது என்பதை அன்றே கண்டுகொண்டனர்.

விமானத்துக்கு ஏற்ற நியாயம் வீட்டுப் பொறிக்கும் ஏற்றதே. நம் ஆசிரியையின் வீட்டுப் பூஞ்சணம் யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரியதன்று. முன்பக்கம் திறக்கும் இயந்திரம் குறைந்த நீரிற் சலவை செய்வது. நீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்துவது. பாராட்டத்தக்க சிறப்புத்தான். ஆனால் அதே சிறப்பினடியில் ஒரு குறையும் உறைகிறது. நீர் சிந்தாதிருக்கக் கதவு இறுக மூடவேண்டும். அதற்கு மடிப்புள்ள இறப்பர் வளையம் வேண்டும். அம்மடிப்பில் நீரும் நூற்றுகளும் சவர்க்காரமும் தங்கும். குளிர்ந்த, குறைந்த நீர் அவற்றை முற்றாகக் கழுவிச் செல்வதில்லை. காற்றுப் புகாத அவ்விருளிற் பூஞ்சணம் படர்வதற்கு வேறென்ன வேண்டும்?

ஐக்கிய அமெரிக்காவில் இதே நாற்றத்துக்காக வேர்ல்பூல் நிறுவனத்தின்மீது பெருந்தொகையானோர் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. 2001ஆம் ஆண்டு முதல் விற்கப்பட்ட முன்பக்கம் திறக்கும் இயந்திரங்களே வழக்கின் பொருள். பாவிப்போரின் பழக்கங்கள் வீட்டுக்கு வீடு வேறுபடுவன என்பது நிறுவனத்தின் வாதங்களுள் ஒன்று. இயந்திரத்தின் நாற்றத்தைப் போக்குவதற்கென்றே தனி வில்லைகளை 2007இல் அந்நிறுவனம் விற்பனைக்கு விட்டிருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. அழுக்கை அகற்றும் பொறியின் அழுக்கை அகற்ற மற்றொரு பொருள்; அதற்கும் விலை! 2014இல் ஒஹையோ மாநிலத்தில் விசாரணை நடைபெற்றபோது யூரிமார் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தனர். அதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. எனினும், 2016இல் நாடளாவிய இணக்கமொன்றின் மூலம் இவ்வழக்குகள் தீர்க்கப்பட்டன. பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கோர வழி திறந்தது.

‘கதவைத் திறந்து வைத்தாற் போதுமே’ என்பார் கூற்றைச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். சிறு குழந்தை தவழும் வீட்டில், குழந்தை ஏறிப் புகக்கூடிய உருளையின் கதவைத் திறந்து வைப்பது எப்படி? திறந்தாற் குழந்தைக்கு ஆபத்து. மூடினால் உடுப்புக்கு நாற்றம். இரண்டிலொன்றைத் தெரிந்துகொள் என்று தாயிடம் விட்டுவிட்டு, எதைத் தெரிந்தாலும் ‘நீ பாவித்த விதம் பிழை’ என்பது எந்த நீதி?

நாற்றத்தோடு நின்றுவிட்டாற் பொறுக்கலாம். 2016 நொவெம்பரிற் சாம்சங் நிறுவனம், 2011 மார்ச் முதல் உற்பத்தியான மேற்பக்கம் திறக்கும் இயந்திரங்களில் ஏறக்குறைய 28 இலட்சத்தை அமெரிக்காவில் மீளழைக்க நேர்ந்தது. விரைந்து சுழலும்போது உருளை நிலைகுலைந்து, இயந்திரத்தின் மேற்பகுதியே பெயர்ந்து எழுவது அவற்றின் குறை. 733 முறைப்பாடுகள் வந்திருந்தன. காயமுற்றோரால் வந்தவை 9. ஒருவருக்குத் தாடையெலும்பு முறிந்தது. படுக்கை விரிப்பு, பருத்த துணி, நீர் புகாத துணி ஆகியவற்றைத் தோய்க்கும்போதே ஆபத்து மிகுதியாதலால், திருத்தம் செய்யும்வரை அவற்றை வேகங் குறைந்த சுழற்சியில் மாத்திரம் தோய்க்குமாறு அறிவுறுத்தினர். படுக்கை விரிப்பைத் தோய்க்காத வீடு உண்டா? பாவிப்போர் எதற்காக வாங்கினரோ அதற்காகவே பாவித்தனர்.

பிரித்தானியாவில் நிகழ்ந்தது இதனினும் தெளிவான சான்று. 2019 டிசெம்பரில் ஹொட்பொயின்ற், இன்டெசிற் என்னும் பெயர்களில் விற்கப்பட்ட இயந்திரங்களில் ஏறக்குறைய 519,000 மீளழைக்கப்படும் என வேர்ல்பூல் அறிவித்தது. நீரைச் சூடாக்கும்போது கதவுப் பூட்டின் மின்னுறுப்பு அளவுக்கு மீறிச் சூடேறுவது அவற்றின் குறை. 79 தீ விபத்துகளுக்கு அதுவே காரணமாயிருக்கலாம் எனக் கருதப்பட்டது. மின்னிணைப்பைக் கழற்றிவிடுங்கள், அன்றேல் 20 பாகைக்கு மேற்படாத நீரிலேயே தோயுங்கள் என்பது மக்களுக்குக் கிடைத்த அறிவுரை. கதவைப் பூட்டுவதில் எந்தப் பயிற்சி பெற்றிருந்தால் இந்தத் தீயைத் தவிர்த்திருக்கலாம்?

உடலைத் தாக்கும் குறைகளை எண்ணிக் காட்டலாம். அறிவைத் தாக்கும் குறைகளுக்குக் கணக்கே இல்லை. அன்றாடப் பொருள்களின் உளவியல் பற்றி 1988இல் நூலெழுதிய டொனால்ட் நோர்மன் என்னும் அமெரிக்க அறிஞர், தாம் பிரித்தானிய இல்லமொன்றிற் கண்ட இத்தாலியச் சலவை இயந்திரத்தைக் குறிப்பிடுகிறார். அதன் முகப்பு முழுவதும் குறியீடுகள். வீட்டுத் தலைவர் அதன் அருகே செல்லவே மறுத்தார். தலைவியோ ஒரேயொரு ஏற்பாட்டை மனப்பாடஞ் செய்துகொண்டு, ஏனையவற்றைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. தலைவி ஒரு வைத்தியர். தலைவர் மனிதருக்கும் பொறிக்கும் உள்ள உறவை ஆராயும் உளவியலாளர்! அவர்களே கைவிட்ட பொறியை நம் வீட்டுப் பெண் கைந்நூலின் துணையுமின்றி இயக்கவேண்டும். தவறினாற் பட்டம் அவளுக்கே.

இங்கேதான் பழமொழியின் பெண்பால் விகுதி என்னை உறுத்துகிறது. ‘ஆடமாட்டாதவள்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வீட்டுப் பொறிகளைப் பெரும்பாலும் பெண்களே இயக்குகின்றனர். அவர்களின் முறைப்பாட்டை ‘தெரியாமற் பாவித்தாள்’ என்ற ஒரு சொல்லால் அடக்கிவிடுவது எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது. விற்றவருக்கு வசதி, திருத்துபவருக்கு வசதி, பணங்கொடுத்த ஆண்மகனுக்கும் வசதி. கடைசியில் அவளும் நம்பிவிடுகிறாள். கணிதம் கற்பித்த ஆசிரியையும் நம்பினாரே, அதுதான் எனக்குப் பெருந்துயரம். பழுதான பொறியை மாற்றலாம். தன் அறிவின்மீது ஒருவர் இழந்த நம்பிக்கையை எந்தக் கடையில் வாங்குவது?

மனிதர் செய்யும் மடமைகளையெல்லாம் முன்னறிந்து பொறி செய்ய எவராலும் இயலாது என்று சிலர் கூறுவர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவை மூடுவது மடமையன்று, கதவென்பது மூடுவதற்கே. விரிப்பைத் தோய்ப்பதும் மடமையன்று. சாதாரண மனிதர் சாதாரணமாகச் செய்வதை எதிர்பாராத பொறி முடிவுபெறாத பொறி. அதன் மிச்ச வேலையை வாங்கியவர் தலையிற் சுமத்தி, அதற்குக் ‘கைந்நூல்’ என்று பெயரிடுகின்றனர். விளங்காமல் எழுதிவிட்டு வாசகனுக்கு ஞானம் போதாது என்று சொல்லும் எழுத்தாளரை நமது இலக்கிய வட்டங்கள் நன்கறியும். இரண்டும் ஒரே நோய்.

பரிகாரம் இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு வகை இயந்திரத்தின் கடைசிப் பொறி சந்தைக்கு வந்த பின்னரும் 10 ஆண்டுகளுக்கு அதன் உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டும். கதவு, இறப்பர் வளையம் முதலியவற்றைத் திருத்துநருக்கு மாத்திரமன்றி வீட்டாருக்கும் வழங்கவேண்டும். நமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை உண்டு. தமிழிலும் சிங்களத்திலும் கைந்நூல் இல்லாத மின்பொறி எதுவும் விற்பனைக்கு வரலாகாது என்று நாம் கேட்கவேண்டும். ஒரே வகைப் பொறியைப் பற்றிய ஒரே முறைப்பாடு எத்தனை வீடுகளிலிருந்து வந்ததென்று எண்ணிப் பகிரங்கப்படுத்துமாறும் கேட்கவேண்டும். எண்ணத் தொடங்கினாற் போதும்; பிழை யாருடையது என்பதை எண்ணே சொல்லிவிடும்.

ஆசிரியை இப்பொழுது ஒரு பழஞ்சேலைத் துண்டைச் சுருட்டி, இயந்திரத்தின் கதவிடுக்கிற் செருகி வைத்திருக்கிறார். காற்றுப் போய்வருகிறது, நாற்றம் குறைந்திருக்கிறது. பேரப்பிள்ளை வரும் நாள்களில் அத்துண்டை எடுத்துவிட்டுக் கதவை இறுக மூடுகிறார். கடல் கடந்த தொழிற்சாலையொன்றிற் செய்யாமல் விடப்பட்ட வேலையை இவ்வாறு அவர் நாள்தோறும் செய்துவருகிறார். அவருக்கு ஆடத் தெரியாது என்று இனி எவரேனும் சொல்வாராயின், முதலில் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தை அளந்துவிட்டு வரட்டும்.