கம்பெனிக்கும் நாடி பார்க்க வேண்டும்!

போன வருஷம் ஐப்பசி மாதம். மானாம்பதிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு, உத்திரமேரூரில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு வந்தார். "ஐயா, பையன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கறான். சாப்பிட்டா நெஞ்சு எரியுதுங்கறான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்துக்கறான். யாராச்சும் கண்ணு வெச்சுட்டாங்களோன்னு பயமா இருக்கு" என்றார்.

நாடி பார்த்தேன். பித்தம் தூக்கலாக இருந்தது. குன்மத்தின் ஆரம்பம் என்று ஏலாதி சூரணம் கொடுத்து, காரம், புளி, டீ எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி அனுப்பினேன். இரண்டு மாதமாகியும் எரிச்சல் குறையவில்லை. மூன்றாவது தடவை வந்தபோதுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "தம்பி, வேலை எப்படிப் போகுது?"

பையன் அம்மாவை வெளியே உட்காரச் சொன்னான். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "மூணு மாசமா சம்பளம் வரலைங்க. வீட்டுக்குத் தெரியாது. ஃப்ரெண்டுகிட்ட கடன் வாங்கித்தான் வீட்டுக்கு அனுப்பறேன்."

கவலையும் குன்மத்தை வளர்க்கும் என்று பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவன் நான். அப்படியிருந்தும் வயிற்றை மட்டும் பார்த்தேனே தவிர, ஆளைப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது.

"ஏன் விட்டுட்டு வரலை?" என்று கேட்டேன். "ஓனர் அண்ணன் மாதிரி பழகறார். மொத்தமே பன்னிரண்டு பேர்தான். இப்ப விட்டா துரோகம். ஷேர் வேற தரேன்னு சொல்லியிருக்கார். அடுத்த மாசம் யாரோ பணம் போடறாங்களாம்" என்றான். அந்த "அடுத்த மாசம்" மூன்று மாதமாக வந்துகொண்டே இருந்தது!

இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்படிப் புதிதாகத் தொடங்கிய ஸ்டார்ட்-அப் கம்பெனிகளில் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பிடித்தபோது, அங்கே வேலை பார்த்த 500-க்கும் மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். நடந்த கதைதான். ஆனால் இன்னொரு கதையும் நடந்தது. 2011-ல் தொடங்கிய பைஜூஸ், 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ள கம்பெனி என்று பேசப்பட்டது. 2020-21 வருஷத்துக் கணக்கே 2022 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. பார்த்தால் நாலாயிரத்து ஐந்நூறு கோடிக்கு மேல் நஷ்டம். 2023 ஜூனில் கணக்குத் தணிக்கை செய்தவர்களே விலகினார்கள். 2024 தொடக்கத்தில் ஊழியர்களின் சம்பளம் தள்ளிப்போனது. அந்த ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உத்தரவாயிற்று. கவனித்தீர்களா? சம்பளம் நிற்பதற்கு வெகு முன்பே கணக்கு நின்றுவிட்டது.

இதை நம் ஊர்ப் பெரியவர்கள் அன்றே தெரிந்து வைத்திருந்தார்கள். சுமார் 1,100 வருஷத்துக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் இங்கே குடவோலைத் தேர்தல் நடந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அந்த விதிகளை இன்றும் பார்க்கலாம். வாரியத்தில் ஒருவர் இருக்கலாம். ஆனால் 360 நாள்தான். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் உறவினர் பெயரையும் போடக்கூடாது. கெடு ஒன்று, கணக்கு ஒன்று. இந்த இரண்டும் நம் பிள்ளைகளுக்கும் போதும்.

சித்த மருத்துவத்தில், மருந்தை எடுக்கும் முன் நோய் சாத்தியமா, அசாத்தியமா என்று பார்ப்போம். சாத்தியம் என்றால் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் மருந்து கொடுத்துப் பார்ப்போம். குணம் தெரியாவிட்டால் அதே மருந்தைக் காலமெல்லாம் கொடுப்பதில்லை. கஷ்டப்படும் கம்பெனியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

முதலில், பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். உங்கள் யு.ஏ.என். எண்ணை வைத்து செல்போனிலேயே பார்க்கலாம். ஒரு மாதத்துச் சம்பளத்தில் பிடித்த பணத்தை மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பிடித்தது கட்டப்படவில்லை என்றால், உங்கள் பணத்தில் கம்பெனி ஓடுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, முதலாளியிடம் நேராகக் கேளுங்கள். "கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கு?" நல்லவர் கஷ்டத்தில் இருந்தாலும் தொகையைச் சொல்வார். "நம்பிக்கை இல்லையா?" என்று திருப்பிக் கேட்டால், அது பதில் இல்லை.

மூன்றாவது, கெடு வையுங்கள். மனசு அமைதியாக இருக்கும் நாளில், இந்தத் தேதிக்குள் பாக்கிச் சம்பளம் வராவிட்டால் விலகுவேன் என்று காகிதத்தில் எழுதுங்கள். கெடு முடிந்த பிறகு புதுக் கெடு கிடையாது. அதுவரை சும்மா இருக்காமல் வேறு வேலை தேடுங்கள். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கம்பெனி கலைக்கப்படும் நிலை வந்தால், ஆபீஸ் ஊழியர்களுக்குக் கடைசி 12 மாத பாக்கிக்குத்தான் முன்னுரிமை. அதுவும் பிணை வைத்துக் கடன் கொடுத்தவர்களுக்குப் பின்னால்தான் என்கிறார் என் வக்கீல் நண்பர். காத்திருப்பதற்குப் பரிசு எதுவும் இல்லை!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "வேலையை விட்டுட்டியா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். மலம் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சூரணத்தை நம்பி உட்காராதீர்கள். பிள்ளை வாழப் பிடிக்கவில்லை என்று பேசினால், 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

அந்தத் தம்பி அன்றே அம்மாவை உள்ளே கூப்பிட்டு உண்மையைச் சொன்னான். அந்த அம்மா அழுதார்; திட்டவில்லை. ஒரு மண்டலம் கெடு வைத்தான். நடுவில் ஒரு மாதச் சம்பளம் வந்தது. கணக்கு மட்டும் வரவே இல்லை. நாற்பத்தெட்டாம் நாள் கடிதம் கொடுத்தான். இப்போது வேறு இடத்தில் கொஞ்சம் குறைந்த சம்பளம். பழைய பாக்கி இன்னும் வரவில்லை. முதலாளியோடு இன்றும் போனில் பேசுகிறானாம், அதுவும் நல்லதுதான்.

போன வாரம் வந்திருந்தான். "எரிச்சல் எப்படி இருக்கு?" என்றேன். "முக்கால்வாசி போயிடுச்சு ஐயா. ராத்திரி தூங்கறேன்" என்றான். மீதிக்கு மருந்து கொடுத்தேன்.