கடினமான வெற்றி எது? பட்டியல் போட்ட தம்பிக்கு ஒரு பதில்

 

கொஞ்சம் நீளமான பதிவு. டென்னிஸில் விருப்பம் இல்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள். நான் சொல்ல வந்தது அங்கேதான் இருக்கிறது.

போன கிழமை எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் கணித ஆசிரியர் தம்பி ஒரு பட்டியல் போட்டார். டென்னிஸ் வரலாற்றில் மிகக் கடினமான கிராண்ட்ஸ்லாம் வெற்றிகள் எவை என்று. வெற்றி பெற்றவர் தோற்கடித்த எதிராளிகளின் தரவரிசை இலக்கங்களை எடுத்துக் கணக்குப் போட்டுச் செய்த பட்டியல் அது. 2009 அமெரிக்க பகிரங்கப் போட்டியில் நடாலையும் பெடரரையும் அடுத்தடுத்து வென்ற டெல் பொட்ரோ, 2014 அவுஸ்திரேலியாவில் ஜோகோவிச்சையும் நடாலையும் வென்ற வவ்ரிங்கா, 2017 இல் 35 வயதில் வென்ற பெடரர் என்று போகிறது. “கணக்கு பொய் சொல்லாது சேர்” என்று கீழே ஒரு வசனம் வேறு.

கணக்கு பொய் சொல்லாதுதான் தம்பி. ஆனால் எதைக் கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்கிறவர் மனிதர். பிழை நடக்கிற இடம் அது.

முதலாவது பிழை. ஆண்களுக்கான கணினித் தரவரிசை வந்ததே 1973 ஓகஸ்ட்டில். பெண்களுக்கு 1975 இல். அதற்கு முன்னர் விளையாடியவர்கள் உங்கள் பட்டியலில் வரவே முடியாது. அளவுகோல் இல்லாத காலத்தில் கஷ்டமும் இல்லை என்றா அர்த்தம்?

இரண்டாவது, உங்கள் கணக்கு வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரை மட்டுமே பார்க்கிறது. இந்தப் பக்கம் நிற்பவர் என்ன நிலையில் நிற்கிறார் என்று பார்ப்பதில்லை.

மூன்றாவதுதான் பெரிய பிழை. உங்கள் கணக்கு முதலாம் சுற்றில் தொடங்குகிறது. முதலாம் சுற்றுக்கு வந்து சேருவதே சிலருக்கு ஏழெட்டுச் சுற்று.

சும்மா குறை சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை நான். என் அளவுகோலையும் சொல்கிறேன். ஒரு வெற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். அது நடக்காமல் போயிருக்கக்கூடிய இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஆடுகளத்துக்கு உள்ளேயும் எண்ணுங்கள், வெளியேயும் எண்ணுங்கள். கூட வருகிறதுதான் கூடக் கடினம். இதோ என் ஐந்து.

ஐந்தாவது இடம்: ஜோகோவிச், பிரெஞ்சு பகிரங்கம், 2021. அரையிறுதியில் நடால். அதுவும் பாரிஸ் களிமண் தரையில். முதல் செட்டை இழந்துவிட்டு வென்றார். இறுதியில் சிட்சிபாஸிடம் முதல் இரண்டு செட்களையும் கொடுத்துவிட்டு மற்ற மூன்றையும் எடுத்தார். உங்கள் கணக்கிலும் இது மேலே வரும். களத்துக்குள் மட்டும் பார்த்தால் நானும் முதலிடம் கொடுப்பேன். ஆனால் அன்றைக்கு அவர் உலகின் முதல்நிலை வீரர். அந்த இடத்தில் நிற்க அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

நாலாவது இடம்: கோரன் இவானிசெவிச், விம்பிள்டன், 2001. இதை நான் கண்ணால் பார்த்தேன். அப்போது நாங்கள் புத்தளத்தில். மழையால் பின்தள்ளப்பட்டு இறுதிப் போட்டி திங்கட்கிழமைக்குப் போனது. தேநீர்க்கடை டீவியில் தொடங்கி, இடையில் மஃரிபுக்குப் பள்ளிக்குப் போய், ஓடிவந்து ஐந்தாவது செட்டைப் பார்த்தோம். தரவரிசையில் 125 ஆவது ஆள். தோள்பட்டையில் காயம். 1992, 1994, 1998 என்று மூன்று தடவை இறுதியில் தோற்றவர். தகுதி அடிப்படையில் இடம் கிடைக்கவில்லை. ஏற்பாட்டாளர்கள் விரும்பிக் கொடுத்த ‘வைல்ட் கார்ட்’ அனுமதியில்தான் உள்ளே வந்தார். அரையிறுதி மழையால் மூன்று நாள் இழுபட்டது. இறுதியில் ரஃப்டருடன் ஐந்தாவது செட் 9-7. இப்படிச் சலுகையில் உள்ளே வந்து ஆண்கள் விம்பிள்டனை வென்றவர் அவர் ஒருவர்தான். இந்தச் ‘சலுகை’ என்ற சொல்லை ஞாபகத்தில் வைத்திருங்கள். திரும்ப வருகிறேன்.

மூன்றாவது இடம்: மொனிக்கா செலஸ், அவுஸ்திரேலிய பகிரங்கம், 1996. 1993 ஏப்ரல் 30, ஹம்பேர்க். உலகின் முதல்நிலை வீராங்கனை, 19 வயது, எட்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள். இடைவேளையில் கதிரையில் இருந்தபோது பார்வையாளர் ஒருவர் பின்னால் வந்து முதுகில் கத்தியால் குத்தினார். குத்தியவருக்கு ஒத்திவைக்கப்பட்ட தண்டனைதான். இரண்டு வருடத்துக்கு மேல் அவர் விளையாடவில்லை. 1996 இல் மெல்பேர்ண் அரையிறுதியில் சாந்தா ரூபினிடம் கடைசி செட்டில் 2-5 என்று பின்னால் நின்று 7-5 என்று வென்றார். இறுதியில் அங்கே ஹூபரை நேர் செட்களில் வென்றார். “அந்த வருஷம் ஸ்டெஃபி கிராஃப் வரவில்லையே” என்று கணக்கு சொல்லும். உண்மைதான். ஆனால் பின்னால் ஆட்கள் இருக்கிற மைதானத்தில் அந்தக் கதிரையில் திரும்பப் போய் இருப்பதற்கு எத்தனையாம் தரவரிசைப் புள்ளி கொடுப்பீர்கள் தம்பி?

இரண்டாவது இடம்: யாரோஸ்லாவ் திரோப்னி, விம்பிள்டன், 1954. இந்தப் பெயரைப் பலர் கேள்விப்பட்டே இருக்கமாட்டீர்கள். செக்கோஸ்லோவாக்கியர். ஐஸ் ஹொக்கியில் ஒலிம்பிக் வெள்ளி வென்றவர். அந்த விளையாட்டில்தான் கண்ணிலும் காயம். கறுப்புக் கண்ணாடியோடுதான் டென்னிஸ் ஆடினார். 1949 இல் சுவிட்சர்லாந்துக்கு விளையாடப் போன இடத்தில் இனி நாடு திரும்புவதில்லை என்று முடிவெடுத்தார். நாடில்லாமல் நின்றவருக்குக் கடவுச்சீட்டுக் கொடுத்தது எகிப்து. எகிப்தியராகவே பிரெஞ்சுப் பட்டத்தை இரண்டு தடவை வென்றார். விம்பிள்டனில் 1949 இலும் 1952 இலும் இறுதியில் தோல்வி. 1954 இல் 32 வயது. 11 ஆவது நிலை வீரராகத்தான் போட்டியில் வைக்கப்பட்டார். ஹோட்டை வென்று, பற்றியை வென்று, இறுதியில் பத்தொன்பது வயது ரோஸ்வோலை 13-11, 4-6, 6-2, 9-7 என்று வென்றார்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் பணத்துக்கு ஆடும் தொழில்முறை வீரர்களுக்கு விம்பிள்டன் கதவு மூடி இருந்தது; 1968 இல்தான் திறந்தது. ஆகவே கொன்சாலஸ் போன்ற மிகப் பெரிய ஆட்கள் அந்தப் போட்டியில் இல்லை. இந்தக் குறையை நான் மறைக்கவில்லை. குறைத்துக் கணக்குப் போட்டும் அவர் இரண்டாவது இடத்தில் நிற்கிறார்.

என் மனசைக் கேட்டால் இவருக்குத்தான் முதலிடம் என்று சொல்லும். காரணம் உங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போடு முல்லைத்தீவை விட்டு வெளியேறிய பிள்ளை நான். வேறொரு ஊரின் பெயரை எழுதிய அட்டையோடு வளர்கிறது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆனால் மனசு சொல்வதைப் பட்டியலாகப் போட்டால் நானும் உங்கள் பிழையைத்தான் செய்வேன். எண்ணிப் பார்த்தால் இன்னொருவர் மேலே வருகிறார்.

முதலாவது இடம்: அல்தியா கிப்சன், விம்பிள்டன், 1957. இறுதிப் போட்டி 6-3, 6-2. சப்பென்று முடிந்த ஆட்டம். உங்கள் பட்டியலில் முதல் நூறிலும் வராது.

இப்போது எண்ணுங்கள். தென் கரோலினாவில் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட கறுப்பினக் குடும்பத்தின் பிள்ளை. 1927 இல் பிறந்தவர். அமெரிக்கத் தேசியப் போட்டியில் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. சட்டத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. தகுதி பெறுவதற்கு ஆடவேண்டிய போட்டிகள் எல்லாம் வெள்ளையர் கழகங்களில் நடந்தன. அழைப்பு வராது, அவ்வளவுதான். 1950 இல் முன்னாள் சம்பியன் அலிஸ் மார்பிள் ஒரு டென்னிஸ் சஞ்சிகையில் இந்த அநியாயத்தைப் பகிரங்கமாக எழுதினார். அதன் பிறகுதான் கதவு திறந்தது.

அந்த முதல் வருடம் என்ன நடந்தது தெரியுமா? இரண்டாம் சுற்றில் விம்பிள்டன் சம்பியன் லூயிஸ் புரோவுடன் ஆட்டம். கடைசி செட்டில் கிப்சன் 7-6 என்று முன்னால். அந்த நேரம் புயல்மழை. அடுத்த நாள் வந்து ஆடி 9-7 என்று தோற்றார். “பார்த்தீர்களா, இடம் கொடுத்தும் பிரயோசனம் இல்லை” என்று அன்றைக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! 1955 இல் டென்னிஸை விட்டுவிட்டு இராணுவத்தில் சேரலாமா என்றுகூட யோசித்தார். 1956 இல் பாரிஸில் வென்றார். 1957 இல் விம்பிள்டன் கிண்ணத்தை எலிசபெத் மகாராணியின் கையால் வாங்கினார். அதே வருடம் அமெரிக்கத் தேசிய இறுதிப் போட்டி. எதிரே அதே லூயிஸ் புரோ. 6-3, 6-2.

அந்த இலகுவான ஸ்கோருக்குப் பின்னால் நிற்கிறது ஏழு வருடம். எதிராளி பலவீனம் என்று அதை வாசிக்கக்கூடாது. ஆட்டத்துக்கு முன்னரே கஷ்டமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று வாசிக்கவேண்டும்.

எங்கள் மொழி பேசும் ஒருவர் இதில் இல்லையா என்று கேட்பீர்கள். திரோப்னி வென்ற அதே 1954 இல் விம்பிள்டன் கனிஷ்ட பட்டத்தை வென்றவர் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன். 1960, 1961 இரண்டிலும் அரையிறுதி வரை போய், ஃபிரேசரிடமும் லேவரிடமும் தோற்றார். இரண்டு பேரும் அந்தந்த வருடச் சம்பியன்கள். கிராண்ட்ஸ்லாம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 1966 இல் கல்கத்தாவில் டேவிஸ் கிண்ணத்தில் பிரேசிலின் கொச்சுடன் ஆடிய ஆட்டத்தைத் தேடி வாசியுங்கள். செட் கணக்கில் ஒன்றுக்கு இரண்டு என்று பின்னால், நாலாவது செட்டில் 2-5. அங்கிருந்து வென்று இந்தியாவை முதன்முறையாக இறுதிக்குக் கொண்டுபோனார்.

1974 இல் இந்தியா மறுபடியும் இறுதிக்கு வந்தது. விஜய் அமிர்தராஜும் ஆனந்தும் நல்ல ஃபோமில் இருந்த காலம். எதிரணி தென்னாபிரிக்கா. நிறவெறிக்கு எதிராக இந்தியா ஆடமறுத்து, கிண்ணத்தை விட்டுக்கொடுத்தது. அந்த வருடத்துக்குப் பதிவேட்டில் தென்னாபிரிக்கா என்றுதான் இருக்கிறது. பதிவேடு எல்லாவற்றையும் சொல்லாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சரி. இவ்வளவும் ஏன் எழுதுகிறேன்?

அந்தப் பட்டியல் வந்த அதே கிழமை என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசி எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். விடுதியில் ஏதோ வாய்த்தர்க்கம். கூடப் படிக்கிற ஒருத்தி சொல்லியிருக்கிறாள்: “நீ மாவட்ட வெட்டுப்புள்ளியில் வந்தவள்தானே.” “சேர், நான் வேறொருவரின் இடத்தை எடுத்துவிட்டேனா?” என்று கேட்டு அழுதாள். அதை ஓய்வறையில் சொன்னபோது, தம்பி, நீங்கள் சொன்னது: “கோபிக்க வேண்டாம் சேர். புள்ளி குறைவுதானே. கணக்கு அதுதானே.”

தெரியாதவர்களுக்கு: எங்கள் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கை மட்டத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நாலும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன.

அந்தப் பிள்ளையின் இடங்களை எண்ணுவோமா? உயர்தரத்தில் பௌதிகவியலுக்கு எட்டு மாதம் ஆசிரியர் இல்லை. பாடசாலை பஸ் வராத நாளில் சைக்கிளில் ஒன்பது கிலோமீற்றர். ரியூஷனுக்கு வவுனியா போகவேண்டும். திரும்பி வர பஸ் இல்லை, ஆகவே ரியூஷன் இல்லை. அவளுக்கு முந்திய பிள்ளைகள் 2009 இல் செட்டிக்குளம் முகாமில் கூடாரத்தில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். அவர்களுக்கு முந்திய எங்கள் பிள்ளைகள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் படித்தார்கள். இது எந்தப் புள்ளியில் கூட்டப்பட்டது?

உங்கள் வாதத்தில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது, ஒளிக்கமாட்டேன். “நோயாளிக்கு டொக்டரின் கஷ்டம் தேவையில்லை, திறமைதான் தேவை.” சரியான பேச்சு. ஆனால் மாவட்ட ஒதுக்கீடு திறந்துவிடுவது உள்ளே போகும் கதவை மட்டும். உள்ளே போனபின் பாடம் ஒன்று, பரீட்சை ஒன்று, சித்தியடையும் புள்ளி ஒன்று. கிப்சனுக்காக யாரும் வலையைப் பதிக்கவில்லை. இவானிசெவிச்சுக்காக யாரும் கோட்டை அகலமாகப் போடவில்லை. வைல்ட் கார்ட் அவரை முதலாம் சுற்றுக்குத்தான் கூட்டிப்போனது; மற்ற ஏழு ஆட்டத்தையும் அவர்தான் வென்றார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கஷ்டப்பட்டவர்கள் எல்லாம் பெரியவர்கள் என்று நான் சொல்லவில்லை. கஷ்டத்தைச் சொல்லிப் படிக்காமல் இருக்கும் மாணவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு வகுப்பில் ஏச்சு விழுவதும் உங்களுக்குத் தெரியும். மாவட்ட முறையில் ஓட்டைகள் இருக்கின்றன. நகரத்துப் பிள்ளை கடைசி நேரம் இங்கே வந்து பதிந்து பரீட்சை எழுதுவதாகப் பெற்றோர் குறை சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அதை அடையுங்கள். கதவை அடைக்காதீர்கள்.

மகளே, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். யாருடைய இடத்தையும் நீ எடுக்கவில்லை. இரண்டாம் சுற்றில் மழை பெய்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு வந்து ஆடு. தோற்றாலும் அடுத்த வருடம் ஆடு.

கணிதத் தம்பி, உங்களோடு எனக்குக் கோபம் இல்லை. திங்கட்கிழமை வழமைபோல தேநீர் என் கணக்கு. ஆனால் அந்தப் பட்டியலைத் திரும்பப் போடுங்கள். இந்த முறை முதலாம் சுற்றுக்கு முன்னால் இருந்து எண்ணுங்கள்.

என் ஐந்தில் பிழை கண்டவர்கள் கீழே எழுதுங்கள். ஏசுவதென்றாலும் காரணம் சொல்லி ஏசுங்கள்.