காலியாகவே இருந்த நாற்காலி

2005ஆம் ஆண்டின் கடைசி நாளில் மால்கம் ஹோவர்ட் என்ற நீதிபதி முழுநேரப் பொறுப்பிலிருந்து விலகினார். வட கரோலினாவின் கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இருந்தவர் அவர். அந்த நாற்காலிக்கு அடுத்தவர் வந்தது 2019 டிசம்பரில்தான். 14 ஆண்டுகள், மூன்று அதிபர்கள். தகுதியான ஆள் கிடைக்காததால் நேர்ந்ததல்ல இது.

அமெரிக்க நீதித்துறை என்றால் நம் கண்ணுக்கு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேர்தான் தெரிகிறார்கள். அவர்கள் ஆண்டுக்கு எடுத்து விசாரிப்பதோ அறுபது, எழுபது வழக்குகள். வேலையிடத்தில் நிறம் பார்த்து ஒதுக்கப்பட்டவர், ஊனத்துக்கான உதவித்தொகை மறுக்கப்பட்டவர், சிறைக்குள்ளிருந்து மனு எழுதுபவர் எல்லாருக்கும் நீதி என்பது 94 மாவட்ட நீதிமன்றங்களும் அவற்றுக்கு மேலே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றங்களும்தான். அங்கே உட்காருபவர் ஆயுள் முழுக்க உட்காருகிறார். அதிபர் பெயர் சொல்ல வேண்டும், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். அரசியலமைப்பு சொல்வது இவ்வளவே.

அதில் இல்லாத ஒன்று நீலச் சீட்டு. நீதிபதி எந்த மாநிலத்துக்கோ அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் செனட்டின் நீதித்துறைக் குழு ஒரு நீலத் தாள் அனுப்பும். சம்மதமா, இல்லையா என்று எழுதித் திருப்ப வேண்டும். திருப்பாமல் மேசையிலேயே வைத்துக்கொண்டாலும் போதும், பெயர் அங்கேயே நின்றுவிடும். நூறாண்டுக்கு மேலான இந்த வழக்கத்தை, ஒரே செனட்டர் எதையும் தடுத்துவிடலாம் என்ற அளவுக்கு இறுக்கியவர் 1956இல் குழுத் தலைவரான மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். நிறப் பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்தவர். கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்ப்பதா என்பதைத் தென் மாநிலங்களின் கூட்டாட்சி நீதிபதிகள் முடிவு செய்துகொண்டிருந்த காலம் அது.

அதே தாள்தான் வட கரோலினாவிலும் வேலை செய்தது. 2013இல் ஜெனிஃபர் மே-பார்க்கர் என்ற அரசு வழக்கறிஞரை ஒபாமா முன்மொழிந்தார். செனட்டர் ரிச்சர்ட் பர் சீட்டைத் திருப்பவில்லை. 2016இல், மாநில உச்ச நீதிமன்றத்தில் முன்பு நீதிபதியாக இருந்த பட்ரீஷியா டிம்மன்ஸ்-குட்சனின் பெயர் வந்தது. அதற்கும் அதே கதி. இருவரும் கறுப்பினப் பெண்கள். அதுவரை அந்த மாவட்டத்தில் ஒரு கறுப்பினத்தவரும் கூட்டாட்சி நீதிபதியாக இருந்ததில்லை. குழுவின் முன் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்லும் வாய்ப்புகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு ட்ரம்ப் தாமஸ் ஃபாரை முன்மொழிந்தார். வட கரோலினாவின் 2013ஆம் ஆண்டு வாக்குச் சட்டத்துக்காக நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞர் அவர். அந்தச் சட்டம் கறுப்பினத்தவரின் வாக்கைக் குறிவைத்தே எழுதப்பட்டது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவர் சொல்லி அதைத் தள்ளினார்கள். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததால் அந்த மூவர் எழுதியதே முடிவானது. கீழ் நீதிமன்ற நியமனத்துக்கு இவ்வளவு சண்டை ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வழக்கு போதும். 1990 தேர்தலில் கறுப்பின வாக்காளர்களை மிரட்டி அனுப்பப்பட்ட அஞ்சலட்டைகள் பற்றிய நீதி அமைச்சகத்தின் பழைய குறிப்பு ஒன்று 2018 நவம்பரில் வெளியே வந்தது. அந்த அஞ்சலட்டைகளில் தனக்குப் பங்கில்லை என்றார் ஃபார். ஆனால் ட்ரம்பின் கட்சியைச் சேர்ந்த கறுப்பின செனட்டர் டிம் ஸ்காட் ஆதரவு தர மறுத்தார். நியமனம் விழுந்தது.

இந்த நியமனச் சண்டையில் இரண்டு கட்சிகளுக்குமே பங்குண்டு. நெல்லைப் பக்கத்துக் குடும்பத்திலிருந்து வந்த ஸ்ரீ ஸ்ரீனிவாசனை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 2013 மே மாதம் செனட் 97–0 என்று ஏற்றது. ஆறு மாதத்துக்குள், அதே நீதிமன்றத்தின் மூன்று இடங்களைக் குடியரசுக் கட்சி முடக்க, ஜனநாயகக் கட்சி விதியையே மாற்றிச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றது. அதன் பலன் பிறகு ட்ரம்புக்கும் போய்ச் சேர்ந்தது. அவருடைய முதல் ஆட்சியில் 234 நீதிபதிகள், பைடன் ஆட்சியில் 235. மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு நீலச் சீட்டின் தடையும் ட்ரம்பின் முதல் ஆட்சியில் போனது.

மாவட்ட நீதிமன்றங்களுக்கு அது இன்னும் இருக்கிறது. சீட்டைக் கிழித்தெறியச் சொல்லி ட்ரம்பே இப்போது வற்புறுத்துகிறார். அவர் கேட்பது தன் ஆட்களுக்கு வழிவிட. நாம் கேட்பது வேறு. மறுக்கும் செனட்டர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு வெளியிடட்டும். முன்மொழியப்பட்டவர் குழுவின் முன் வந்து அதற்குப் பதில் சொல்லட்டும். மே-பார்க்கருக்கு அந்த ஒரு நாள்கூடத் தரப்படவில்லை.