குளத்தின்மீது விரித்த ஆடுகளம்

ஐப்பசி மழை வெலிங்டன் சரிவுகளில் இறங்கிவிட்டால் டென்னிஸ் ஆட்டம் நின்றுவிடும். வலையை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, களத்தில் இழுத்த வெள்ளைக் கோடுகள் கரைந்தோடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்நாள்களில் மார்க்கரின் வேலை. களத்தைப் பேணி, உறுப்பினர்களுக்கு எதிரே நின்று பந்தடித்துக் கொடுக்கும் சம்பளக்காரரைச் சங்கங்களில் மார்க்கர் என்றே அழைப்பர். எம் பங்கில் அப்படியொரு முதியவர் இருக்கிறார். பந்து பொறுக்கும் சிறுவனாகச் சேர்ந்து, நாற்பது ஆண்டுகளை அப்பணியிலேயே கழித்தவர். முதல் வெள்ளிதோறும் அவருக்கு நற்கருணை கொண்டு செல்வேன். செபம் முடிந்ததும் பேச்சு எப்படியோ ஆடுகளத்துக்குத் திரும்பிவிடும்.

சென்ற மாதம் அவர் சொன்னார்: "கோப்பை வாங்கின தொரைங்க மூணு பேரை நான் ஜெயிச்சிருக்கேன் சாமி, பழக்க ஆட்டத்திலே. கோப்பை ஆட்டத்திலே என் பேரை எழுத மாட்டாங்க. நான் சம்பளம் வாங்குறவனாச்சே."

வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். எனக்குத்தான் உறுத்தியது.

அது அந்த ஒரு சங்கத்தின் விதியன்று. 1968ஆம் ஆண்டுவரை டென்னிஸ் உலகம் முழுவதையும் ஆண்ட விதி அது. ஆட்டத்திற்கு ஊதியம் பெறாதவர் அமெச்சூர். பெறுபவர் தொழில்முறை ஆட்டக்காரர். விம்பிள்டன் முதலிய பெரும்பந்தயங்களின் வாயில் முன்னவருக்கு மட்டுமே திறந்தது. பின்னவர் உலகிலேயே தலைசிறந்தவராயினும் வெளியில் நிற்க வேண்டியவரே. அவ்வாறு வெளியில் நின்றவர்களுக்கென லண்டன் மாநகரின் மற்றொரு மூலையில், வெம்பிளி என்னுமிடத்தில், ஒரு பந்தயம் நடைபெற்றது. விம்பிள்டன், வெம்பிளி: பெயரளவில் அண்டை வீடுகள், மதிப்பளவில் அரண்மனையும் தொழுவமும்.

வெம்பிளியில் இருந்தது உண்மையில் நீச்சல் குளம். 1934இல் நடந்த பேரரசு விளையாட்டு விழாவுக்காக, நடுவே ஒரு தூண்கூட இல்லாத கான்கிரீட் கூரையின்கீழ் அதனைக் கட்டினார்கள். எம்பயர் பூல் என்று பெயர். அதே ஆண்டில் குளத்தை மூடித் தளம் பரப்பி, வலை கட்டி, விளக்கொளியில் தொழில்முறை ஆட்டக்காரரின் உள்ளரங்குப் பந்தயத்தைத் தொடங்கினர். முதலில் வென்றவர் அமெரிக்கரான எல்ஸ்வர்த் வைன்ஸ். உலகப்போர் வந்தது; பந்தயம் நின்றது. 1949இல் மீண்டும் தொடங்கி, இடையில் ஈராண்டுகள் தவிர, 1967வரை நடைபெற்றது.

அங்கே ஆடியவர்களின் பெயர்களைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எளிய மெக்சிகக் குடும்பத்தில் பிறந்து, தானே பந்தாடக் கற்றுக்கொண்ட பாஞ்சோ கன்சாலஸ் நான்கு முறை வென்றார். ஆஸ்திரேலியரான கென் ரோஸ்வால் ஐந்து முறை. அவருக்குப்பின் ராட் லேவர் 1964 முதல் தொடர்ந்து நான்கு முறை. 1964இன் இறுதியாட்டத்தில் லேவரும் ரோஸ்வாலும் ஐந்து செட்டுகள் போராடினர். கடைசி இரண்டும் 8–6 என்று முடிந்தன. அவ்வாண்டு விம்பிள்டன் கோப்பையை உயர்த்திக் காட்டியவர் வேறொருவர். உலகின் முதல்வர் யார் என்பதை அறிந்தவர்கள் குளத்துக்குப் போனார்கள். நாளேடுகள் மட்டும் புல்தரைக்கே போயின.

பந்தயம் இல்லாத நாள்களில் இவர்கள் நாடோடிக் கூத்தர்களைப் போல் வாழ்ந்தனர். சுருட்டிய கித்தான் தளத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, இரவில் விரித்து ஆடி, மறுநாள் வேறோர் ஊருக்குப் புறப்படுவார்கள். இக்குழுவை நடத்தியவர் ஜாக் கிராமர். தாமும் 1947இல் விம்பிள்டனை வென்றுவிட்டுத் தொழில்முறைக்கு வந்தவர். ஆண்டுதோறும் அமெச்சூர்களில் சிறந்தவரைத் தேடிப்பிடித்து ஒப்பந்தம் நீட்டுவது அவர் வழக்கம்.

1959இல் அவர் ஒப்பந்தம் நீட்டியது ஒரு தமிழரிடம்.

இராமநாதன் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். தந்தையே ஆசான். பள்ளி மாணவராயிருந்தபோதே, கல்லூரி மாணவர்க்கென நடந்த பெர்ட்ராம் பந்தயத்தில் ஆட லயோலா கல்லூரி முதல்வரிடம் தனி அனுமதி பெற்று, 1951இல் வென்றவர். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் பெற்றார். ஆசியாவிலிருந்து எவரும் அதற்குமுன் அதனைப் பெற்றதில்லை. கிராமர் சொன்ன தொகை மூன்றாண்டுகளுக்கு ஒன்றரை இலட்சம் டாலர். அக்காலச் சென்னையில் ஒரு குடும்பம் அல்ல, ஒரு தெருவே வாழ்ந்திருக்கலாம்.

கிருஷ்ணன் மறுத்தார்.

மறுத்ததால் அவர் பெற்றது என்ன? 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி. இரண்டாம் முறை, ராய் எமர்சனை நேர் செட்டுகளில் வீழ்த்திவிட்டு, லேவரிடம் தோற்றார். 1966இல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் காக்குக்கு எதிரே, இரண்டு செட்டுகளை இழந்து, நான்காம் செட்டிலும் 2–5 எனப் பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டார். அதனால் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குச் சென்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் அந்த மாலைப்பொழுது நமக்கு வாய்த்திராது, ஏனெனில் தொழில்முறையினருக்கு டேவிஸ் கோப்பையும் அடைபட்டிருந்தது. பணத்தைப் பொறுத்தவரை, பிற்காலத்தில் அவர் சென்னையில் சமையல் எரிவாயு வழங்கும் முகவாண்மை நடத்தினார்.

இதைச் சொன்னால் கிருஷ்ணனைத் தியாகி என்றும், வெம்பிளியில் ஆடியவர்களைக் காசுக்கு விலைபோனவர்கள் என்றும் சிலர் பேசுவர். நான் அவ்வாறு கருதவில்லை. அமெச்சூர் என்ற சொல்லின் தூய்மையே ஐயத்திற்குரியது. பயணச் செலவு என்ற பெயரில் மேசைக்குக் கீழே உறைகள் கைமாறின என்பதை அக்காலத்தவர் அனைவரும் அறிவர். மேசைக்கு மேலே கைநீட்டி வாங்கியவர்களே விலக்கப்பட்டார்கள். வேலையாள் தன் கூலிக்கு உரியவன் என்பது நமக்குத் தெரிந்த வாக்குத்தானே! கிருஷ்ணன் தம் விருப்பப்படி ஒரு பாதையைத் தேர்ந்தார். வசதி படைத்த தந்தையின் மகனல்லாத கன்சாலஸ் மற்றதைத் தேர்ந்தார். குற்றம் இருவரிடமும் இல்லை; நடுவில் சுவர் எழுப்பியவர்களிடம் இருந்தது.

அந்தச் சுவருக்குச் செலுத்தப்பட்ட விலை சிறிதன்று. 1962இல் நான்கு பெரும்பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற லேவர், அடுத்த ஐந்தாண்டுகள் அவற்றுள் ஒன்றிலும் கால்வைக்க இயலவில்லை. திரும்பி வந்து 1969இல் நான்கையும் மறுபடி வென்றார். ரோஸ்வால் இருபத்திரண்டு வயதில் வெளியேறி முப்பத்துமூன்றில் திரும்பினார். விம்பிள்டன் இறுதியாட்டத்தில் நான்கு முறை நின்றும் ஒருமுறைகூட வெல்லவில்லை. 1949க்குப்பின் 1968இல்தான் விம்பிள்டன் கன்சாலஸை மீண்டும் கண்டது. மறு ஆண்டு, நாற்பத்தொரு வயதில், தம்மைவிட மிக இளையவரான பசரெலை இரண்டு நாள், 112 ஆட்டக்கணக்கு ஆடி வென்றார்.

1968 ஏப்ரலில் போர்ன்மவுத் நகரில் இரு வகுப்பாரும் ஒரே களத்தில் இறங்கினர். வாயில் திறந்துவிட்டது, ஆதலின் வெளியில் நின்றவர்களுக்கென ஒரு பந்தயம் தேவையற்றுப் போயிற்று. வெம்பிளிப் பந்தயம் தோற்றுப்போய் மறையவில்லை, அதன் வழக்கு வென்றதால் மறைந்தது. பிற்காலத்தில் 1976 முதல் 1990வரை ஒரு சிகரெட் நிறுவனத்தின் பெயரால் அதே அரங்கில் வேறொரு பந்தயம் நடந்ததுண்டு. அது வேறு கதை.

இவற்றையெல்லாம் இம்மாத முதல் வெள்ளியன்று மார்க்கர் பெரியவரிடம் சொன்னேன். கன்சாலஸ் பெயரை அவர் அறிந்திருந்தார். கிருஷ்ணனின் ஒன்றரை இலட்சம் டாலரைக் கேட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு அவர் கேட்டது வேறு.

"அந்தக் குளத்திலே மறுபடியும் தண்ணி விட்டாங்களா சாமி?"

1948 ஒலிம்பிக்கிற்குப் பின் அங்கே எவரும் நீந்தவில்லை என்றேன்.

"அப்ப, தளம் ஈரமே ஆகியிருக்காது" என்று சொல்லிவிட்டு, சன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.